ஒட்டகக் குட்டிக்கு மூக்கொழுகல்: பார்த்துக்கொள்பவருக்கு ஆபத்தா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். ரியாத் பக்கம் ஒட்டகப் பட்டியில் வேலை. ஒரு வயது நிரம்பாத சில குட்டிகளுக்கு மூக்கில் சளி வழிகிறது, தீனி எடுக்கின்றன. முதலாளி "குளிர்காலம், தானாகப் போய்விடும்" என்கிறார். கூட இருப்பவர்கள் மெர்ஸ் (ஒட்டகத்திடமிருந்து மனிதனுக்குத் தொற்றி மூச்சைப் பாதிக்கும் வைரஸ் நோய்) என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. பாலைக் கறந்த சூட்டோடு குடிப்பது வழக்கம். என்ன செய்யட்டும்?

பதில்: ஒட்டகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் முதலாளி சொல்வது சரிதான். மெர்ஸ் கிருமி அதைப் பெரிதாகப் படுத்தாது. லேசாக மூக்கொழுகும், பல சமயம் அதுவும் இருக்காது. பாடு மனிதனுக்குத்தான். 2012-ல் சவூதியில் கண்டறியப்பட்டதிலிருந்து உறுதியான நோயாளிகள் சுமார் 2,600 பேர். மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் இந்தக் கணக்கில் அதிகம் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூக்கொழுகுவதெல்லாம் மெர்ஸ் அல்ல. மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுச் சளி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். ஆனால் பெரிய ஒட்டகங்களைவிடக் குட்டிகளிடம்தான் கிருமி அதிகம் வெளியேறுகிறது என்பதால், முடிவு வரும்வரை மெர்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து புகட்டும்போது குட்டியின் தாடையைப் பிடித்து முகத்தருகே குனிவோமே, கவனம் அங்கேதான் வேண்டும். அது தும்மினால் நேராக நம் முகத்தில்தான். மாஸ்க், கையுறை இல்லாமல் வேண்டாம். முத்தம் கொஞ்சுவதும் வேண்டாம். பட்டி உடுப்பைத் தங்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள், சுவை மாறும்தான், பரவாயில்லை. ஒட்டக மூத்திரத்தை மருந்து என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, தனி மருந்தும் கிடையாது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும். அதனால் குட்டிகள் பக்கம் வேறொருவரை விட்டு, உங்களைத் தீனி வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாஸ்க் போட்டபடி, முதல் வார்த்தையாக ஒட்டக வேலை என்று சொல்லுங்கள். 2015-ல் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரே ஆளிடம் தொடங்கி, தென்கொரியாவில் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே பரவி 186 பேருக்கு வந்தது. கிருமி தொற்றி 14 நாள் வரைகூட நோய் வெளியே தெரியாமல் இருக்கும். லீவில் ஊருக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டாலும் டாக்டரிடம் இதையே முதலில் சொல்லுங்கள்.