இதழாசிரியர் நாற்காலியிலிருந்து அமைச்சர் நாற்காலிக்கு

கேள்வி: கல்லூரி மலருக்கு ஸ்காட்லாந்தின் டாம் ஜான்ஸ்டன் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறேன். 1909-ல் பிரபுக் குடும்பங்களின் நிலம் வந்த வழியைத் தோலுரித்து நூல் எழுதியவர், 1941-ல் சர்ச்சிலின் அமைச்சர். கொள்கையை விற்றவர் என்று முடித்துவிடலாமா?

பதில்: முடிக்கலாம், 1943-ஐ மறைத்துவிட்டால்!

முதல் அரைப் பக்கத்தை அவரது பத்திரிகைப் பணிக்கு ஒதுக்குங்கள். 25 வயது நிறைவதற்குள், 1906-ல், கிளாஸ்கோவில் ‘ஃபார்வர்ட்’ வார இதழைத் தொடங்கினார். 1915 கிறிஸ்துமஸ் அன்று அங்கே தொழிலாளர் கூட்டத்தில் பேசவந்த அமைச்சர் லாயிட் ஜார்ஜைக் கூட்டத்தினர் கூச்சல் போட்டுப் பேசவிடவில்லை. அரசு ஒப்புதல் தந்த செய்தியைப் போடாமல், நடந்ததை நடந்தபடி அச்சிட்டது ‘ஃபார்வர்ட்’. சுமார் ஐந்து வாரம் தடை.

தேர்தல் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1922-ல் மேற்கு ஸ்டிர்லிங்ஷயரில் வெற்றி, 1924 அக்டோபரில் தோல்வி, அதே டிசம்பரில் டண்டீ இடைத்தேர்தலில் வெற்றி. 1929-ல் பழைய தொகுதிக்கே திரும்பி வென்றார், 1931-ல் தோற்றார், 1935-ல் மீண்டும் வென்றார். இதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாக ஓரத்தில் போட்டுவிடுங்கள்.

மிச்ச இடமெல்லாம் நீர்மின்சாரத்துக்கு. ஹைலண்ட்ஸ் மலைநாட்டில் தனியார் கொண்டுவந்த மின் திட்டங்களை நில உடைமையாளர்களும் நிலக்கரித் தரப்பும் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பத் தோற்கடித்திருந்தனர். ஜான்ஸ்டன் 1943-ல் சட்டம் இயற்றிப் பொது வாரியம் அமைத்தார். சூட்சுமம் கணக்கில் இருக்கிறது: உபரி மின்சாரத்தைத் தெற்கே விற்பது, அந்த வருமானத்தில், கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாத குக்கிராமங்களுக்கு இணைப்புத் தருவது. 1909-ல் எந்த வர்க்கத்தைச் சாடினாரோ, அதன் எதிர்ப்பைத் தாண்டித்தான் இதைச் செய்தார். ஆனால் வாரியத்தின் முதல் தலைவராக அமர்த்தப்பட்டவர் ஏர்லி பிரபு! இந்த முரணை விட்டுவிடாதீர்கள், உங்கள் கேள்விக்கு உயிர் இதில்தான் இருக்கிறது.

1945-ல் நாடாளுமன்றத்தை விட்டதோடு கட்டுரையை நிறுத்தினால் பாதிதான் தேறும். 1946 முதல் 1959 வரை அந்த வாரியத்துக்கு அவரே தலைவர்.

1952-ல் வந்த அவரது நினைவுக் குறிப்புகளை மட்டும் நம்பாதீர்கள். எழுபது வயதில் இளமைக் கோபம் ஆறிப்போயிருக்கும். பழைய ‘ஃபார்வர்ட்’ இதழ்களோடு ஒப்பிடுங்கள். பதவிப் பெயரும் கவனம்: அவர் ஸ்காட்லாந்துக்கான அமைச்சர். ‘முதலமைச்சர்’ என்று போடாதீர்கள், அந்தப் பதவி வந்ததே 1999-ல்.