மணிக்கு ஊசி போட்டுடலாமா?

கேள்வி: எங்க மணிக்கு 13 வயசு, நாட்டு நாய். கிட்னி ரெண்டும் போச்சு, ரத்தத்துல கழிவு எவ்ளோ தேங்கியிருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் 9-ன்னு டாக்டர் சொல்லிட்டார். பத்து நாளா ட்ரிப்ஸ் ஏத்தியும் சோறு தண்ணி இறங்கல, ஒரே வாந்தி. "வலியில்லாம அனுப்பிவைக்க ஊசி போட்டுடலாம், யோசிச்சு சொல்லுங்க"ங்கிறார். அம்மாவோ "பைரவர்டி அது, நம்ம கையால அனுப்பக்கூடாது"ன்னு அழுறாங்க. என்ன செய்ய?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்கச்சி, நாய்க்கு கிரியாட்டினின் ஒன்றரைக்குள்ள இருக்கணும். 9-ன்னா ரத்தத்துல கழிவு தேங்கி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணிய பாத்தாலே குமட்டும். மணி அடம் புடிச்சு சாப்பிடாம இல்ல, அதால முடியல. சென்னை வேப்பேரி கால்நடை காலேஜ்ல நாய்க்கு டயாலிசிஸ் கூட பண்றாங்க, ஆனா வயசாகி ஓய்ஞ்சுபோன கிட்னிய அது திருப்பித் தராது.

அம்மாகிட்ட வாதாடாதீங்க. மணி கடைசியா எப்பம்மா எந்திரிச்சு வாசல் கேட் வரைக்கும் வந்துச்சுன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

ஊசின்னா பயப்படாதீங்க. பெரும்பாலும் முதல்ல மயக்கத்துக்கு ஒண்ணு போடுவாங்க, அப்புறம் முன்னங்கால் நரம்புல மயக்க மருந்தையே அளவுக்கு மீறி ஏத்துவாங்க, கொஞ்ச செகண்ட்ல நெனவு போயிடும், அப்புறம்தான் மூச்சும் இதயமும் நிக்கும். கண்ணு மூடாது, தொறந்தேதான் இருக்கும். முடிஞ்ச பிறகும் ஒண்ணு ரெண்டு தடவ மூச்சு இழுக்கலாம், மூத்திரம் போகலாம், அது வலியில்ல. இத யாரும் முன்கூட்டி சொல்றதில்ல, அப்புறம் "உயிரோடதான இருக்கு"ன்னு வீடே அலறுது.

எங்க கருப்பனுக்கு ஊசி போட்டப்ப எனக்கு மனசு கேக்கலன்னு வெளிய போய் டீக்கடையில நின்னுட்டேன். உள்ள என் தம்பிதான் இருந்தான், "ஊசி ஏறுற வரைக்கும் கருப்பன் கதவையே பாத்துட்டு இருந்தாண்ணே"ன்னு தம்பி சொன்னான், ஏழு வருஷமாச்சு, அந்த டீக்கடைப் பக்கம் நான் போறதே இல்ல. நீங்க உள்ள இருங்க. டாக்டர வீட்டுக்கே வரச்சொல்ல முடிஞ்சா இன்னும் நல்லது, அது படுக்குற சாக்குலயே படுத்திருக்கட்டும், தலையில கைய வச்சு எப்பவும் கூப்புடுற மாதிரி பேர் சொல்லிக்கிட்டே இருங்க. அம்மாவுக்கும் தோணுனா வந்து ஒரு வாய் பால் நாக்குல தடவட்டும்.

கேள்வி: நாய் செத்தத ஆறு வயசு பையன்கிட்ட "தாத்தா ஊருக்கு போயிருக்கு"ன்னு சொல்லிட்டோம். தினமும் எப்ப வரும்னு கேட்டு நச்சரிக்கிறான்.
- வாசகர், ஈரோடு

பதில்: நீங்களே வச்ச வென சார். லீவுல தாத்தா ஊருக்குப் போய் தேடுவான்ல, அப்ப என்ன சொல்லுவீங்க? இன்னைக்கே "செத்துப்போச்சுடா, இனி வராது"ன்னு சொல்லிடுங்க. "தூங்குது"ன்னு மாத்தி சொல்லிடாதீங்க, ராத்திரி படுக்கவே பயப்படுவான். அழட்டும், நீங்களும் சேந்து அழுங்க. பொதச்ச எடத்தக் காட்டி ஒரு பூ வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: செத்த நாய தோட்டத்துல பொதைக்கலாமா? இன்னொரு நாயும் இருக்கு, என்ன பண்ணும்னு தெரியல.
- வாசகி, தென்காசி

பதில்: சொந்த எடம்னா பொதைக்கலாம். கெணறு, போர்வெல்லுக்கு தள்ளி, 3 அடிக்கு கொறையாம தோண்டுங்க, 4 அடின்னா நிம்மதி. பிளாஸ்டிக் சாக்கு வேணாம், பழைய வேட்டி போதும். மேல கல்லு அடுக்குங்க, ஊசி போட்ட ஒடம்புல மருந்து தங்கியிருக்கும், தெருநாய் தோண்டித் தின்னா அதுக்கும் ஆபத்து. மண்ண தள்றதுக்கு முன்னாடி மத்த நாய அவுத்துவிட்டு மோந்து பாக்க விடுங்க. கொஞ்ச நாள் தேடும், தட்டு முன்னாடி சும்மா உக்காந்திருக்கும். ரெண்டு நாளுக்கு மேல எதுவுமே தொடலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.