ஒற்றைக் காலில் ஒரு பைசிக்கிள் கிக்

அன்புள்ள ஐயா,

ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கு ஃபிஃபா வழங்கும் புஷ்காஷ் விருதை 2016-ஆம் ஆண்டுக்கு எங்கள் பினாங்கு அணியின் ஃபாயிஸ் சுப்ரி வென்றபோது நாங்கள் தெருவெல்லாம் கொண்டாடினோம். ஆனால் 2022-க்கான விருது, ஊன்றுகோலுடன் ஆடும் போலந்து வீரர் மார்ச்சின் ஒலெக்ஸிக்குப் போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உலகக் கோப்பையில் பிரேசிலின் ரிச்சர்லிசன் அடித்த கோலை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தது இரக்கத்தால்தானே? தவிர, பதினொரு பேர் ஆடும் காற்பந்தில் ஒரே ஓர் உதைக்கு விருது கொடுப்பது சரிதானா?

எம்., பினாங்கு

அன்புள்ள எம்.,

ஒலெக்ஸியின் கோலை இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை பந்தை விட்டுவிட்டு அவருடைய காலை மட்டும் கவனியுங்கள்.

அது பைசிக்கிள் கிக், அதாவது காற்றில் பின்னோக்கிச் சாய்ந்து தலைக்கு மேலே பந்தை உதைப்பது. அதை அடிப்பவர் ஒரு காலால் தரையை உந்தி எழுவார், மற்றொரு காலை முதலில் மேலே வீசுவார். வீசிய கால் இறங்கும்போது, உந்திய கால் மேலேறிப் பந்தை அடிக்கும். இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போல எதிரெதிராக வீசப்படுவதால்தான் உடல் காற்றில் நிலைகுலையாமல் திரும்புகிறது. கத்தாரில் செர்பியாவுக்கு எதிராக ரிச்சர்லிசன் அடித்ததும் இந்த வகைதான். இடது காலால் பந்தை மேலே தட்டி, உடலைத் திருப்பி, வலது காலால் அடித்தார். அழகான கோல், மறுக்கவே மாட்டேன்.

ஒலெக்ஸி சாலைப் பணியில் இருந்தபோது நேர்ந்த விபத்தில், 2010-இல், ஒரு காலை இழந்தவர். அவருக்கு எழும்பவும் அந்த ஒரே கால், அடிக்கவும் அதே கால். எதிர்வீச்சுக்கு இன்னொரு கால் இல்லை. வார்ட்டா போஸ்னான் அணிக்காக ஆடிய அன்று, குறுக்கே வந்த பந்தைப் பார்த்து ஊன்றுகோல்களைத் தரையில் ஊன்றி உடலை மேலே தூக்கினார். தோளும் முன்கையும்தான் அவருக்கு உந்துவிசை. விழும்போது கைகளை விரித்துத் தாங்கிக்கொள்வதும் எளிதல்ல, கைகளில் ஊன்றுகோல்கள் இருக்கின்றன. பந்து தரையைத் தொடும் முன்பே, அது வரும் வேகத்துக்கும் தன் உடல் எழும் நேரத்துக்கும் கணக்குப் பார்த்து அடித்திருக்கிறார். இதில் இரக்கத்துக்கு எங்கே இடம்?

ஊன்றுகோலுடன் ஆடும் காற்பந்தில் கோல்கீப்பர் ஒரு கையால் மட்டுமே தடுப்பவர், கோல் கம்பங்களின் இடைவெளியும் குறைவு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் களத்தில் ஓடுபவர்கள் செயற்கைக்கால் அணியக் கூடாது என்பதும், வேண்டுமென்றே ஊன்றுகோலால் பந்தைத் தொட்டால் அது கையால் தொட்டதாகவே கொள்ளப்படும் என்பதும் அதே விதிப்புத்தகத்தில்தான் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

வாக்களித்தவர்களில் சிலர் இரக்கத்தால் வாக்களித்திருக்கலாம். அந்த ஆண்டு ரசிகர்களின் வாக்குக்கும் ஃபிஃபா அமைத்த நிபுணர் குழுவின் வாக்குக்கும் சம மதிப்பு இருந்தது. ரசிகர்கள் உருகிப்போனார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், மறுபாதி வாக்குகளும் எண்ணப்பட்ட பிறகுதான் முடிவு வந்தது.

எனக்கு இரக்கத்தைவிடப் புகழ்தான் பெரிய கவலை. லிவர்பூல் அணிக்காக முகமது சாலா எவர்ட்டனுக்கு எதிராக அடித்த கோல் 2018-இல் விருது பெற்றது. அதே பட்டியலில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கேரத் பேல் தலைக்கு மேலே கால் வீசி அடித்த கோல் இருந்தது, யுவென்டஸுக்கு எதிராக ரொனால்டோ அடித்ததும் இருந்தது. சாலாவின் சக வீரர் ஜேம்ஸ் மில்னரே, அந்தப் பருவத்தில் சாலா அடித்தவற்றில் ஏழாவது சிறந்த கோலுக்கு விருது கிடைத்ததாகச் சொல்லி வாழ்த்தினார். உறுத்த வேண்டியது அந்த முடிவுதான். பெரிய அணி, பெரிய பெயர், கோடிக்கணக்கான ரசிகர்கள் என்றால் பந்து போன பாதையை யாரும் பார்ப்பதில்லை.

இந்த விருதின் விதிகள் அதற்கு நேர்மாறானவை. கோல் அழகாக இருக்க வேண்டும், அதிர்ஷ்டத்தாலோ எதிரணியின் தவறாலோ விழுந்திருக்கக் கூடாது. எந்தப் போட்டி, எந்த நாடு என்ற பேதம் பார்க்கக் கூடாது. இந்த விதி இருப்பதால்தான் 2015-இல் பிரேசிலின் மாநிலப் போட்டி ஒன்றில் கோயனேசியா அணிக்கு ஆடிய வெண்டெல் லிரா, மெஸ்ஸியைத் தாண்டி விருதை வாங்கினார். மறு ஆண்டு உங்கள் ஃபாயிஸ். பகாங் அணிக்கு எதிரான அந்த ஃப்ரீ கிக் ஒரு பக்கமாகப் போய், நடுவானில் மறுபக்கம் வளைந்து, கோல்கீப்பரை ஏமாற்றி உள்ளே இறங்கியது. மலேசிய லீகை அதுவரை கண்ணெடுத்தும் பாராதவர்கள்கூட அதற்கு வாக்களித்தார்கள். ஏறத்தாழ 59 விழுக்காடு வாக்குகள் அவருக்கே கிடைத்தன. அவர்கள் பினாங்கின்மேல் இரக்கப்பட்டார்கள் என்று யாராவது சொன்னால் நீங்கள் சண்டைக்குப் போவீர்கள். நானும் உங்களோடு வருவேன்.

ஓர் உதைக்கு விருது சரியா என்ற கேள்வியில் நீங்கள் சொல்வது பாதி நியாயம். 2024-இல் விருது பெற்ற கோலை மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக அடித்த கர்னாச்சோவுக்கு வலப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் டியோகோ டாலோட். ஒலெக்ஸிக்குப் பந்தை அனுப்பியவரும் ஊன்றுகோலில் ஓடிவந்து உதைத்தவர்தான். விருதை அடித்தவருக்கே கொடுக்கட்டும். ஆனால் தனி ஆளாகப் பந்தைக் கடத்திச்சென்று அடித்த கோல்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும், பந்தைக் கொடுத்தவரின் பெயரையும் விருதுப் பட்டயத்தில் பொறிக்க வேண்டும். ஃபிஃபாவுக்கு அதனால் ஒரு செலவும் இல்லை.