காற்றே சுக்கான் பிடிக்கட்டும்: வின்ட் வேன் கேள்வி பதில்

ராணிப்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறேன். சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் நண்பரின் பாய்மரப் படகுக்கு வின்ட் வேன் (காற்றின் பலத்திலேயே சுக்கானைத் தானாகத் திருப்பும் கருவி) செய்து மாட்டிக் கொடுத்ததிலிருந்து நம் பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில்.

குடியாத்தத்திலிருந்து: அண்ணே, மோட்டாரும் கரண்டும் இல்லாமல் படகு தானாக எப்படித் திரும்பும்?

படகின் பின்பக்கம் மெல்லிய பலகை ஒன்று செங்குத்தாக நிற்கும். அதன் ஓரத்தைக் காற்றுக்கு நேராக வைத்துப் பூட்டிவிடுவோம். படகு சரியான கோணத்தில் போகும்வரை பலகை அசையாது. கொஞ்சம் விலகினாலும் காற்று பலகையின் முகத்தில் பட்டு அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வுதான் கம்பி வழியாகச் சுக்கானுக்குப் போகிறது.

1960இல் அட்லாண்டிக்கைத் தனி ஆளாகக் கடக்கும் பந்தயத்தில் முதலிடம் பிடித்த பிரான்சிஸ் சிசெஸ்டர், இரண்டாவதாக வந்த ஹாஸ்லர் இருவருமே இப்படித்தான் போனார்கள். நம் நாட்டுக் கடலோடி அபிலாஷ் டோமி 2023இல் இரண்டாவதாக முடித்த, தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் பந்தயத்தில் மின்சார ஆட்டோபைலட்டுக்கு அனுமதியே இல்லை. உலகத்தைச் சுற்றி முடிக்கும்வரை வின்ட் வேன்தான் துணை.

காட்பாடி கல்லூரி மாணவர்: சார், சென்சாரும் மோட்டாரும் வைத்தால் இன்னும் துல்லியமாக இருக்காதா?

இருக்கும் தம்பி, பேட்டரி இருக்கும்வரை. காற்று கூடக் கூடச் சுக்கான் பிடிக்க அதிக பலம் வேண்டும். மோட்டார் அப்போது பேட்டரியை இன்னும் வேகமாகக் குடிக்கும். வின்ட் வேனுக்கோ அதே காற்றுதான் பலம். செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஆற்காட்டிலிருந்து: எந்த வகையை வீட்டில் செய்வது சுலபம்?

சுக்கான் படகின் பின்சுவரில் வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் ட்ரிம் டேப் போதும். சுக்கானின் பின் ஓரத்தில் கீல் வைத்து ஒரு சின்னப் பட்டை மாட்டுவீர்கள். பட்டை ஒரு பக்கம் திரும்பினால் தண்ணீர் சுக்கானை எதிர்ப்பக்கம் தள்ளும். கயிறு, கப்பி எதுவும் வேண்டாம்.

சுக்கான் படகுக்கு அடியில் இருந்தால் பெண்டுலம் துடுப்பு வேண்டும். பின்பக்கம் தண்ணீருக்குள் ஒரு துடுப்பு தொங்கும். காற்றுப் பலகை அந்தத் துடுப்பைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், ஓடும் தண்ணீர் அதைப் பக்கவாட்டில் வீசித் தள்ளும். அந்த வீச்சு கயிறு வழியாக டில்லரை, அதாவது சுக்கானின் கைப்பிடியை, இழுக்கும். படகின் வேகம் இரட்டித்தால் தண்ணீரின் தள்ளு நான்கு மடங்காகும். கையால் பிடித்துப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியும்.

வாலாஜாவிலிருந்து: என்னென்ன சாமான் வாங்குவது?

பலகைக்கு 4 மி.மீ. மரைன் பிளைவுட். ஓரங்களுக்கு எபாக்ஸி பூசுங்கள், இல்லாவிட்டால் ஈரம் ஏறி உப்பிவிடும். சட்டத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடைக்காரர் காந்தம் வைத்து "ஒட்டவில்லை பாருங்க" என்பார். சாதாரண 304 ரகம்கூடத்தான் ஒட்டாது! 316இல் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள்.

தண்டு சுழலும் புஷ்ஷுக்கு நைலான் வேண்டவே வேண்டாம். தண்ணீர் குடித்து ஊதி, தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் ராடு வாங்கிக் கடைந்துகொள்ளுங்கள், கொஞ்சம் தளர்வாகவே. கிரீஸ் வைக்காதீர்கள், உப்பும் தூசியும் அதில் ஒட்டும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

இதைச் செய்ய வருகிற எல்லோரும் கனமாகச் செய்யத்தான் பார்க்கிறார்கள். நம் ஊரில் கேட் செய்து பழகிய கை அப்படித்தான் போகும். பலம் தண்ணீரிலிருந்து வருகிறது; பலகையின் வேலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வது மட்டும்தான். உரசல் குறைவாக இருப்பதுதான் இங்கே வேலைத்தரம். துடுப்பின் தண்டில் மட்டும் வேண்டுமென்றே ஒரு பலவீனமான குழாய்த் துண்டு வையுங்கள். மிதக்கும் கட்டையில் மோதினால் அது மட்டும் உடையட்டும். துடுப்பைத் தனிக் கயிறு போட்டுப் படகோடு கட்டி வைத்தால் கடலோடு போகாது.

சத்துவாச்சாரியிலிருந்து: ஐயா, என் படகு புதுச்சேரியில் இருக்கிறது. பெண்டுலம் செய்து மாட்டினேன், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது.

முதலில் வேனைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். டில்லரை விட்டதும் படகு காற்றை நோக்கிப் பாய்கிறதா? அப்படியென்றால் பெரிய பாயைச் சுருக்குங்கள். கையால் பிடிக்கவே சிரமப்படும் படகை எந்த வேனும் பிடிக்காது.

அது சரியாக இருந்தால், துடுப்பு பக்கவாட்டில் வீசும்போது அதன் முறுக்கு தானாகக் குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் துடுப்பு கடைசிவரை போய் முட்டும், படகு அளவுக்கு மீறித் திரும்பும், பிறகு மறுபக்கம். பலகையின் அச்சைக் கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரி அளவுக்குச் சாய்த்தாலும் ஆட்டம் அடங்கும். டில்லர் கயிறு தொய்வாக இருந்தாலும் இதே கோளாறுதான். இழுபடாத டைனீமா கயிறு போடுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா: என் மகன் இதை மாட்டிக்கொண்டு தனியாகப் போகிறேன் என்கிறான். ராத்திரி தூங்கலாமா?

அம்மா, கரையோரம் கூடாது. வேன் காற்றைத்தான் பின்தொடரும், திசைகாட்டியை அல்ல. நம் கடற்கரையில் பகலில் காற்று கடலிலிருந்து வரும், இரவில் நிலத்திலிருந்து திரும்பும். காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பும். மீன்பிடிப் படகுகளும் கப்பல்களும் வேறு நடமாடும் இடம். இன்னொன்று: ஆள் தவறி விழுந்தால் படகு நிற்காது, தன் வழியில் போய்விடும். இடுப்பில் ஹார்னஸ் மாட்டிக் கயிற்றைப் படகில் பூட்டாமல் மேல்தளத்துக்கு வரமாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்குங்கள்.

மேல்விஷாரத்திலிருந்து: கடல் 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இங்கேயே சோதிக்க முடியுமா?

பாதியைச் சோதிக்கலாம். ஃபேனை நிறுத்திவிட்டு அறைக்குள் பலகையைச் சாய்த்து விடுங்கள். அச்சுக்குக் கீழே பலகையைச் சமன் செய்யும் எதிர் எடை ஒரு துளி கூடுதலாக இருந்தால் மெதுவாக எழுந்து நிற்கும். வழியில் நின்றுவிட்டால் எங்கோ உரசுகிறது. பிறகு மொட்டை மாடி. ஆடிக் காற்றில் எல்லாப் பலகையும் ஆடும். அதிகாலையில் வேப்பிலை அசைகிற அளவுக் காற்றில் சாய்கிறதா என்று பாருங்கள். பின்காற்றில் ஓடும்போது படகுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் 5 நாட் வேகத்தில் போனால் பலகைக்கு மிச்சம் 5 நாட், அதன் தள்ளு கால்வாசி.

துடுப்பை மட்டும் படகில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு முதலில் திசையைச் சரிபாருங்கள்: படகு காற்றை நோக்கித் திரும்பினால் கயிறு டில்லரைக் காற்று வரும் பக்கம் இழுக்க வேண்டும். மாறி இழுத்தால் இரண்டு கயிற்றையும் இடம் மாற்றிக் கட்டுங்கள்.