ஸ்ப்ரே அடித்ததும் சனி வளையம் குழி விழுகிறது

சனிக் கோள் வேடத்துக்குச் செய்த தெர்மாகோல் வளையத்தைத் தூக்கி எறிய வேண்டாம், காப்பாற்றிவிடலாம். இனி அதன் மேல் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டை பிரஷ்ஷால் பூசுங்கள்.

எட்டு நண்பர்கள் எட்டுக் கோள்களாக ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகிறோம், தங்க நிற ஸ்ப்ரே பட்டதும் தெர்மாகோல் அரித்துப் போனது என்கிறீர்கள். பெரும்பாலும் அந்த டப்பாவில் அசிட்டோன் மாதிரி ஒரு கரைப்பான் இருந்திருக்கும். தெர்மாகோல் பாலிஸ்டைரீன் நுரைதான். கரைப்பான் பட்டால் கரைந்து உள்வாங்கிவிடும்.

டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, வெள்ளைப் பசையில் நனைத்துக் குழிகளை அடைத்துவிடுங்கள். மேலே முழுக்க ஒரு பூச்சு பசை கொடுத்து ராத்திரி காயவிடுங்கள். காலையில் நகத்தால் தட்டிப் பாருங்கள்: டக்கென்று கேட்டால் காய்ந்துவிட்டது, மெத்தென்று இருந்தால் இன்னும் சில மணி நேரம் விடுங்கள். அப்புறம்தான் பெயிண்ட்.

மற்ற ஏழு பேரும் தங்கள் பெயிண்டை முதலில் வெட்டியதில் மிஞ்சிய ஒரு தெர்மாகோல் துண்டில் தடவிப் பத்து நிமிஷம் பார்க்கட்டும். ஓரம் கூர்மை குறையாமல் இருந்தால் சரி.

வளையத்தை இரண்டு பாதியாக வெட்டி வெல்க்ரோ வைத்துவிடுங்கள். முழு வளையத்தோடு காரில் உட்காரவே முடியாது, நான் பட்டிருக்கிறேன்!

ஒன்று கவனம்: ஒட்டுவதற்கு அதிகச் சூட்டு குளூ கன் வேண்டாம், அதன் சூடும் தெர்மாகோலை உருக்கிவிடும். தெர்மாகோல் சட்டென்று தீப்பிடிக்கும். பூசணி விளக்கில் நிஜ மெழுகுவர்த்தி எரிந்தால் சனி தள்ளியே நிற்கட்டும்.