மாஸ்கோவின் நீல லாரி

கேள்வி: பழைய சோவியத் புகைப்படங்களில் நீல முகமும் வெள்ளை கிரில்லுமாக ஒரு லாரி அடிக்கடி கண்ணில் படுகிறதே, அது என்ன மாடல்?

பதில்: ஜில்-130. மாஸ்கோவில் இருந்த லிகாச்சோவ் தொழிற்சாலையின் வண்டி. 1956 வரை அந்தத் தொழிற்சாலைக்கு ஸ்டாலின் பெயர், வண்டிகளுக்கு ஜிஸ் என்ற முத்திரை. அந்த வருஷம் காலமான அதன் பழைய இயக்குநர் இவான் லிகாச்சோவின் பெயரை வைத்ததும் ஜிஸ் ஜில் ஆகிவிட்டது. 1962-ல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர ஆரம்பித்த இந்த லாரி, 1964-லிருந்து பெரிய அளவில் உற்பத்தியானது.

எனக்கு இதன் மேல் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் இது டிரைவரின் உடம்பை நினைத்துச் செய்த வண்டி. இதற்கு முன் ஓடிய ஜில்-164, 1940-களின் வடிவமைப்பை ஒட்டி வந்தது, சுமார் நூறு குதிரைத்திறன், பாரம் ஏற்றி வளைவில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுபோகும். 130-க்கு 150 குதிரைத்திறன் வி8 இன்ஜின், ஐந்து கியர், பக்கவாட்டு வரை வளைந்து போகும் முன்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக பவர் ஸ்டீயரிங். நாள் முழுக்க ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டியவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

கேள்வி: அது பெட்ரோல் லாரியாமே, எப்படிக் கட்டுப்படியானது?

பதில்: ஆமாம், 6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 100 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 30 லிட்டர் குடிக்கும். ஆனால் அங்கே பெட்ரோல் விலையை வைத்தது அரசு, அதனால் மலிவு. 76 ஆக்டேன் மட்ட ரகப் பெட்ரோலே போதும் என்பதற்காக கம்ப்ரெஷனையும், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் விகிதத்தையும், 6.5 என்று தாழ்வாக வைத்தார்கள். அப்புறம், அந்தக் குளிரில் டீசலைவிட பெட்ரோல் இன்ஜின் எளிதாகக் கிளம்பும். அதற்கும் பாடு பட வேண்டியிருந்தது. வெட்டவெளியில் வண்டியை நிறுத்தும் டிரைவர், ராத்திரி குழாய்களைத் திறந்து ரேடியேட்டர் தண்ணீரை முழுக்க வடித்துவிடுவார், இல்லையென்றால் உறைந்து இன்ஜின் பிளாக் வெடித்துவிடும். காலையில் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றித்தான் கிளப்புவார்.

சோவியத் ஒன்றியம் உடைந்து பெட்ரோல் விலை ஏறியதும் கதை மாறியது. 1994-ல் மாஸ்கோவில் உற்பத்தி நின்றது, அதற்குள் 33 லட்சத்துக்கும் மேல் செய்து முடித்திருந்தார்கள். உரால் பகுதியின் நோவோஉரால்ஸ்கில் இன்னும் சில வருஷம் தொடர்ந்தது.

கேள்வி: இப்போது எங்கேயாவது ஓடுகிறதா?

பதில்: சிவப்பு பெயின்ட் அடித்த தீயணைப்பு வண்டியாகத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஷெட்டிலேயே நிற்கிற வண்டிக்குப் பெட்ரோல் செலவு பெரிய பாரம் இல்லையே, அதனால் சிற்றூர்களில் அந்த வேலையில்தான் இது ரொம்பக் காலம் தாக்குப்பிடித்தது.