ஆற்றுக்கு அடியில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்ட அம்மாவுக்கு

நன்றாகப் படிக்கிற பெண், திடீரென்று "ஆற்று மணலுக்கு அடியில் நடப்பதைப் படிக்கப் போகிறேன்" என்று நிற்கிறாள், இதைப் படித்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான் அம்மா. ஆனால் அவள் எதைப் பார்த்து மயங்கியிருக்கிறாள் என்பதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு என்றால் கண்ணுக்குத் தெரிகிற நீர் மட்டும் இல்லை. அதில் ஒரு பகுதி சரளைக்கும் மணலுக்கும் நடுவே இறங்கி, கொஞ்ச தூரம் அடியிலேயே நகர்ந்து, நிலத்தடி நீரோடு கலந்து, மறுபடி மேலே வருகிறது. இந்த இடத்துக்கு ஹைப்போரிக் மண்டலம் என்று பெயர். ருமேனிய அறிஞர் டிராயன் ஒர்கிடான் 1959-இல் இதைத் தனி வாழிடம் என்று எழுதினார். ஆற்றிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தடவினால் வழுவழுவென்று இருக்குமே, அந்தப் படலம் முழுக்க நுண்ணுயிர்கள். நீர் உள்ளே போகப் போக அவை ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும், அதற்குப் பிறகு வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை எடுத்து நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். வயலிலிருந்து வழிந்துவரும் உரத்திலுள்ள நைட்ரேட்டில் ஒரு பங்கு இப்படித்தான் ஆற்றைவிட்டுக் கழிகிறது. சால்மன் மீன் சரளையைக் குடைந்து அதற்குள் முட்டையிடும், வண்டல் வந்து அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டைக்கு மூச்சு இல்லை. அமெரிக்காவின் மொன்டானாவில், பிளாட்ஹெட் ஆற்றிலிருந்து 2 கிலோமீட்டர் வரை தள்ளியிருந்த கிணறுகளில் ஆற்றுப் பூச்சிகளின் இளம்பருவங்கள் கிடைத்ததாக 1988-இல் கட்டுரை வந்தது. அவ்வளவு தூரம் மண்ணுக்குள்ளேயே ஆறு! இதைப் படித்துவிட்டு ஒரு பெண் தூங்காமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஹைப்போரிக் என்ற பெயரில் வேலை தேடினால் ஆராய்ச்சி இடங்களைத் தவிர அதிகம் கிடைக்காது, அதை மறைக்க மாட்டேன். நிலத்தடி நீர், குடிநீர் வழங்கல், ஆற்று மறுசீரமைப்பு, மாசு கண்காணிப்பு என்று தேட வேண்டும். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரம் 1870 முதல் ரைன் ஆற்றங்கரைக் கிணறுகளிலிருந்து குடிநீர் எடுக்கிறது, ஆற்றுநீர் மணலுக்குள் வடிந்து வரும்போதே பெரிய அளவில் சுத்தமாகிவிடுகிறது. அந்த மணல் எப்போது அடைத்துக்கொள்ளும், எது வடியும், எது வடியாது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

அதனால் என் யோசனை, இளங்கலையிலேயே இவ்வளவு குறுகிய துறைக்குள் போக வேண்டாம். வேதியியல், நிலவியல், நுண்ணுயிரியல், சிவில் இன்ஜினியரிங், எதுவானாலும் சரி, ஆனால் கணிதத்தையும் புள்ளியியலையும் விடவே கூடாது. விலங்கியலை மட்டும் எடுத்து வேதியியலைக் கைவிட்டவர்கள் பின்னால் திணறுவார்கள். அப்புறம் பைத்தான் என்கிற கணினி நிரல்மொழி கொஞ்சம். முதுகலையில் நீர்நிலைச் சூழலியலோ நிலத்தடி நீரியலோ எடுக்கட்டும்.

இன்னொன்று, களப்பணி கண்ணாடிக் குடுவை வேலை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, ஓட்டை போட்ட குழாயைச் சரளைக்குள் சுத்தியலால் அடித்து இறக்கி, பம்ப் வைத்து நீரை உறிஞ்சி, சல்லடையில் வடித்து, பிறகு நாள்கணக்கில் நுண்ணோக்கியில் குனிந்து எண்ண வேண்டும். வரும் விடுமுறையில் நீரியல் ஆய்வு செய்கிற ஒரு பேராசிரியருக்கு அவளே கடிதம் எழுதி, இரண்டு வாரம் குழுவோடு போய்வரட்டும். திரும்பி வந்ததும் எனக்கு எழுதச் சொல்லுங்கள், எந்தப் பட்டப்படிப்பு என்பதை அப்போது அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.